இத்தாலி ஏரிக்கரையில் நாலு நாள் சும்மா இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் மூன்றையும் ஒரே வாரத்தில் ஓடி முடித்துவிட்டு, ஊர் திரும்பியதும் கால் வலிக்கு மாத்திரை போட்டவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். அடுத்த தடவை "ஏரிப்பக்கம் போகலாமா?" என்று அவர்களே கேட்கிறார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் ஒரு ஏரியைச் சொல்லுங்கள், எதற்குப் போவது?

முதல் தடவை என்றால் கோமோ. தங்குவது வரென்னா என்ற சின்ன ஊரில். ரயிலை விட்டு இறங்கி நடந்தே விடுதிக்குப் போய்விடலாம், படகுத்துறையும் பக்கத்திலேயே. பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்த குடும்பம் என்றால் கார்தா. பேச்சே வேண்டாம், அமைதி போதும் என்றால் ஓர்த்தா. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே ஏரி, ஒரே ஊர், குறைந்தது மூன்று இரவு. இரண்டு நாளைக்கு ஒரு ஏரி என்று தாவுகிறவர்கள் பெட்டி கட்டுவதற்கும் பிரிப்பதற்கும்தான் விடுமுறை எடுத்தவர்கள்.

ஏரிதானே? நம் ஊரில் இல்லாததா?

நம் ஊர் ஏரி கரை கட்டி, மதகு வைத்து, பாசனத்துக்காகத் தேக்கியது. இது வேறு சங்கதி. ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கிய பனியாறுகள் பள்ளத்தாக்கைச் செதுக்கிவிட்டுப் போன குழியில் நிற்கிற தண்ணீர். கோமோவின் நீர்மட்டம் கடலுக்கு 200 மீட்டர் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆழம் 400 மீட்டருக்கு மேல். அதாவது ஏரியின் அடி கடல்மட்டத்துக்கும் 200 மீட்டர் கீழே கிடக்கிறது. கரையிலிருந்து மலை நேராக எழும்பி நிற்கும், தண்ணீருக்குள்ளும் அதே சரிவில் இறங்கிப்போகும். இத்தனை தண்ணீர் சேர்த்து வைத்திருக்கும் சூட்டினால்தான் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் எலுமிச்சையும் ஆலிவும் விளைகின்றன. பின்னால் பனி மூடிய சிகரம், முன்னால் எலுமிச்சை மரம் என்ற காட்சி முதல் நாள் கொஞ்சம் நம்ப முடியாததாகத்தான் இருக்கும்.

மிலானில் தங்கி, காலையில் போய் சாயங்காலம் திரும்பினால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். காலை பதினொரு மணிக்கு மேல் மிலானிலிருந்து வருகிற கூட்டம் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கும், ஐந்து மணி வரை கோமோ கரையின் பிரபல ஊரான பெல்லாஜியோவின் படிக்கட்டுச் சந்துகளில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது, ஐஸ்கிரீம் கடையில் வரிசை, படகில் வரிசை, கழிவறைக்கும் வரிசை. ஆறு மணிக்கு மேல் அந்தக் கூட்டம் ரயிலேறிப் போனதும் ஊர் தன் முகத்தைக் காட்டும். உள்ளூர்த் தாத்தாக்கள் துறைக்கு வந்து பெஞ்சில் உட்காருவார்கள், எதிர்க்கரையில் ஒவ்வொரு விளக்காக ஏறும், கோயில் மணிச் சத்தம் தண்ணீர் மேல் தெளிவாகக் கேட்கும். பகலில் வந்து போகிறவர்களுக்கு இது எதுவும் கிடைப்பதில்லை.

கோமோவில் ஏன் வரென்னா? பெல்லாஜியோ அல்லவா பிரபலம்?

தலைகீழாகப் போட்ட ஆங்கில ஒய் எழுத்து போன்றது இந்த ஏரி, மூன்று கிளைகளும் சேரும் முனையில் பெல்லாஜியோ இருக்கிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ரயில் கிடையாது, விலையும் அதிகம். எதிர்க்கரையில் உள்ள வரென்னாவுக்கு மிலான் சென்ட்ராலே நிலையத்திலிருந்து நேர் ரயில், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அங்கிருந்து பெல்லாஜியோவுக்குப் படகில் கால் மணி நேரம்தான். அழகான ஊரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு எதிரே தங்குவது லாபம்.

வரென்னாவில் படகுத்துறையிலிருந்து ஊருக்குள் போக, பாறையை ஒட்டித் தண்ணீருக்கு மேலேயே ஒரு நடைபாதை போட்டிருக்கிறார்கள், காதலர் நடைபாதை என்று பெயர். சாயங்காலம் அதில் நின்றால் காலுக்குக் கீழே அலை பாறையில் மோதுகிற சத்தமும், மேலே யாரோ வீட்டுச் சமையலறையில் பூண்டு வதங்குகிற வாசனையும் சேர்ந்து வரும். மேலே ஏற முடிந்தால் வெசியோ கோட்டை. ஊருக்குத் தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் ஃபியூமெலாத்தே என்ற ஓடை, அந்தப் பெயருக்கு நேர்ப்பொருள் பாலாறு. மலையிலிருந்து வெள்ளை நுரையாகக் கொட்டி, வெறும் 250 மீட்டர் ஓடி ஏரியில் கலந்துவிடுகிறது. வசந்தத்தில் பொங்கி, இலையுதிர்காலத்தில் வற்றிவிடும். வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் ஓடுகிறதே, நம் பாலாற்றை நினைத்து நான் பெருமூச்சுதான் விட்டேன்.

வில்லாக்கள், அதாவது தோட்டத்தோடு கூடிய பழைய மாளிகைகள், பார்க்க ஆசை இருந்தால் இரண்டு போதும்: திரெமெட்சோவில் வில்லா கார்லோத்தா, லென்னோவில் வில்லா தெல் பால்பியானெல்லோ. ஏப்ரல் கடைசி, மே முதலில் போனால் கார்லோத்தாவில் அசேலியாப் பூக்கள் ஆள் உயரத்துக்கு மேல் சுவர் மாதிரி பூத்திருக்கும்.

படகு விஷயம் குழப்பமாக இருக்கிறதே?

மூன்று வகை என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு ஊராக நின்று போகும் மெதுவான படகு. கார்களையும் ஏற்றிக்கொண்டு ஏரியின் நடுப்பகுதியில் மட்டும் இங்கும் அங்கும் போகும் படகு. அப்புறம் அதிவேகப் படகு. கோமோ நகரத்திலிருந்து பெல்லாஜியோவுக்கு மெதுவான படகில் சுமார் இரண்டு மணி நேரம், வேகப் படகில் முக்கால் மணி. ஆனால் வேகப் படகில் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும், மேல்தளம் கிடையாது, கட்டணமும் கூடுதல். ஓய்வுக்கு வந்த இடத்தில் என்ன அவசரம்? மெதுவானதில் மேல்தளத்தில் உட்காருங்கள்.

கோடை அட்டவணை வேறு, குளிர்கால அட்டவணை வேறு. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை இறங்கின உடனேயே துறைப் பலகையில் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு முறை இதைச் செய்யாமல், சாப்பாட்டுக் கடையில் நிதானமாகக் கணக்குத் தீர்த்துவிட்டுத் துறைக்கு வந்தபோது படகின் பின்விளக்கு மட்டும் தெரிந்தது. ஏரியைச் சுற்றி டாக்ஸியில் வந்த செலவில் இன்னும் இரண்டு இரவு தங்கியிருக்கலாம்.

கார்தா ஏரி எப்படி?

இத்தாலியின் ஏரிகளில் பெரியது, 370 சதுர கிலோமீட்டர். தெற்குப் பக்கம் கடல் மாதிரி விரிந்து கிடக்கும், வடக்கே போகப்போக மலை இரு பக்கமும் நெருங்கி, மலைகளுக்கு நடுவே கடல் குறுகலாகப் புகுந்த ஃபியோர்டு மாதிரி ஆகிவிடும். ஆகவே "கார்தா" என்று மட்டும் சொல்லி அறை போடாதீர்கள், தெற்கா வடக்கா என்பதுதான் கேள்வி. மிலான்–வெனிஸ் ரயில் பாதை தெற்குக் கரையை ஒட்டிப் போகிறது, தெசென்சானோ, பெஸ்கியேரா இரண்டு நிலையங்களும் வசதி. வெரோனாவிலிருந்து பெஸ்கியேரா கால் மணி நேரம்தான்.

சிர்மியோனே ஏரிக்குள் நீண்ட ஒரு மூக்கு மாதிரி நிலம். வாசலிலேயே தண்ணீருக்குள் நிற்கும் கோட்டை, முனையில் கத்துல்லோ குகைகள். குகை என்று பெயரே தவிர குகை எதுவும் இல்லை, பெரிய ரோமானிய மாளிகை ஒன்றின் இடிபாடு. ஆலிவ் மரங்களுக்கு நடுவே அதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினால் தட்டையான வெள்ளைப் பாறைகள் தண்ணீருக்குள் படுத்திருக்கும், கணுக்கால் ஆழத்தில் நடந்துகொண்டே இருக்கலாம். கோடையில் மதியம் மட்டும் அந்தப் பக்கம் வேண்டாம்.

வடக்கே மால்செசினேயிலிருந்து மோந்தே பால்தோ மலைக்குக் கேபிள் கார். மேல் கட்டத்தில் அந்தப் பெட்டியே மெதுவாகச் சுழன்றுகொண்டு ஏறும், யாரும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட வேண்டியதில்லை. எதிர்க்கரையில் லிமோனே. அங்கே எலுமிச்சைத் தோட்டங்களுக்கு உயரமான கல்தூண்கள் நட்டு, குளிர்காலத்தில் பலகையும் கண்ணாடியும் போட்டு மூடிக் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்தத் தூண்கள் இன்றும் மலைச்சரிவில் வரிசையாக நிற்கின்றன. கரையோரச் சாலை வந்ததே 1930களில்தான், அதுவரை ஊருக்குப் படகு, இல்லையென்றால் மலைப்பாதை.

காற்றுக்கும் இங்கே நேரம் உண்டு. காலையில் வடக்கிலிருந்து வீசுவது பெலேர், மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து வருவது ஓரா. வடக்கு முனையில் பாய்ப்பலகை ஓட்டுகிறவர்கள் இந்த இரண்டையும் கடிகாரம் மாதிரி நம்பியிருக்கிறார்கள்.

மஜ்ஜோரே ஏரி?

அதற்குப் போவது தீவுகளுக்காக. ஸ்திரேசாவில் தங்கி, இசோலா பெல்லா, இசோலா மாத்ரே, மீனவர் தீவு மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். 1632-ல் போரோமேயோ குடும்பம் வெறும் பாறையாக இருந்த தீவில் மாளிகை கட்ட ஆரம்பித்தது, அந்தக் குடும்பத் தலைவரின் மனைவி இசபெல்லாவின் பெயரால் இசோலா பெல்லா. அடுக்கடுக்கான தோட்டத்தில் வெள்ளை மயில்கள் சாவகாசமாக உலாவும். எனக்கு அந்த மாளிகை கொஞ்சம் அலங்காரம் கூடிப்போனதாகத் தோன்றியது, கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்த மாதிரி. மீனவர் தீவில் சந்துக்குள் காய்ந்துகொண்டிருந்த துணிகளும் தூங்கும் பூனைகளும்தான் மனதில் நின்றன. ஏரியின் வடக்குப் பகுதி சுவிட்சர்லாந்தில் இருக்கிறது, அந்தப் பக்கம் போகும் நாளில் பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிடாதீர்கள்.

கூட்டமே இல்லாத இடம் வேண்டும். இருக்கிறதா?

ஓர்த்தா. மஜ்ஜோரேவுக்கு மேற்கே ஒரு மலை தாண்டினால் வரும் சின்ன ஏரி, 18 சதுர கிலோமீட்டர். மற்ற ஏரிகளின் தண்ணீர் தெற்கே வெளியேறும், இது மட்டும் வடக்கே, ஆல்ப்ஸைப் பார்த்து ஓடுகிறது. ஓர்த்தா சான் ஜூலியோ என்ற ஊரின் சதுக்கத்தில் உட்கார்ந்தால் எதிரே கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தீவு, படகில் ஐந்து நிமிடம். அதில் கன்னியர் மடம் ஒன்று, சுற்றிவர ஒரே ஒரு சந்து. மௌனத்தைப் பற்றிய வாசகங்களைப் பல மொழிகளில் எழுதிப் பலகையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள், படித்ததும் நம் ஆட்களே குரலைத் தாழ்த்திவிடுகிறார்கள். ஊருக்கு மேலே குன்றில் அசிசி நகரத்துப் புனிதர் பிரான்சிஸின் வாழ்க்கையைச் சொல்லும் 20 சிற்றாலயங்கள். 2003-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த புனித மலைகளில் இதுவும் ஒன்று.

இவ்வளவு தெளிந்த தண்ணீர் ஒரு காலத்தில் செத்துப்போன தண்ணீர் என்றால் நம்புவீர்களா? 1926-ல் தெற்குக் கரையில் செயற்கைப் பட்டு ஆலை ஒன்று வந்து செம்பும் அமோனியாவும் கலந்த கழிவை விட ஆரம்பித்தது, சில வருஷங்களிலேயே மீன் இனம் அற்றுப்போனது. பிறகு உலோகப் பூச்சுப் பட்டறைகளும் சேர்ந்துகொள்ள, ஏரி முழுக்க அமிலமானது. 1989, 1990-ல் படகிலிருந்து பத்தாயிரம் டன்னுக்கு மேல் சுண்ணாம்புக்கல் தூளைத் தெளித்து அதை மீட்டார்கள். புளித்துப்போன தண்ணீருக்குச் சுண்ணாம்பு போடுகிற அதே யுக்தி, ஒரு முழு ஏரிக்கு.

இன்னொன்று இசேயோ. அதன் நடுவில் மோந்தே இசோலா என்ற மலைத்தீவு, வெளியூர்க் கார் உள்ளே வர முடியாது, சுல்சானோவிலிருந்து படகில் சில நிமிடங்கள். 2016 கோடையில் கலைஞர் கிறிஸ்டோ தண்ணீரின் மேல் மஞ்சள் துணி விரித்த மிதக்கும் நடைபாதை ஒன்றைப் போட்டபோது 16 நாளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அந்தக் கூட்டம் அதோடு போய்விட்டது. வலை பின்னுகிற பழைய தொழில் தீவில் இன்னும் மிச்சமிருக்கிறது.

எங்கள் பயணம் ரோமும் ஃப்ளாரன்ஸும்தான். வடக்கே போக நேரமில்லை.

அப்படியானால் நடு இத்தாலியில், உம்ப்ரியா மாநிலத்தில் உள்ள திராசிமேனோ ஏரி. இது பனியாறு செதுக்கியது அல்ல, அகலம் பெரிது, ஆழமோ ஆறு மீட்டருக்குள், ஆல்ப்ஸ் பக்கத்துப் பிரமாண்டத்தை எதிர்பார்க்காதீர்கள். மழை குறைந்த வருஷங்களில் கரை உள்வாங்கிப்போகும், படகு ஓடுகிறதா என்று முன்பே விசாரியுங்கள். கி.மு. 217-ல் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் மூடுபனியில் ஒளிந்திருந்து ரோமானியப் படையை மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே மடக்கியது இந்தக் கரையில்தான். சூரிய அஸ்தமனம் பார்க்க, காஸ்திலியோனே தெல் லாகோ என்ற கரையோர ஊர்.

இங்கே ஃபாஜ்ஜோலினா என்று ஒரு சின்னப் பயறு விளைகிறது, கையால் பறிக்கிறார்கள், விலை எக்கச்சக்கம். தட்டில் வந்ததும் என் அம்மா ஒரு ஸ்பூன் வாயில் போட்டுவிட்டு, "இது நம்ம காராமணிடா" என்றார். அதே இனம்தான்.

ரோமிலிருந்து ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் பிராச்சானோ, எரிமலை நிலம் உள்வாங்கிய பள்ளத்தில் தேங்கிய ஏரி. மோட்டார் படகுகளுக்குத் தடை இருப்பதால் அமைதி உத்தரவாதம்.

போட்டோவில் பச்சைத் தண்ணீரும் மரப்படகும் உள்ள ஏரி எது?

டோலோமைட் மலையில் உள்ள பிராயெஸ், 1,496 மீட்டர் உயரத்தில். பார்க்க வேண்டியதுதான், ஆனால் ஓய்வெடுக்கும் இடமல்ல. கடந்த சில வருஷங்களாகக் கோடை உச்சத்தில் பகலில் முன்பதிவு இல்லாமல் காரில் போக முடியாது. விடியற்காலையில் போய் வந்துவிடுங்கள்.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன் முதல் பாதி, செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பாவே அங்கே இருக்கும், அதிலும் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரம் இத்தாலியர்களின் விடுமுறை. நவம்பர் முதல் மார்ச் வரை பாதி விடுதிகளும் வில்லாக்களும் பூட்டியிருக்கும், சின்ன ஊர்களில் சாப்பிடக் கடை தேட வேண்டிவரும். கோடையில் சாயங்கால இடிமழை சகஜம்.

குளிக்கலாமா?

லிதோ என்று எழுதியிருக்கும் குளிக்கும் கரைகளில் மட்டும். நான் முன்னே சொன்ன அதே சரிவுதான் காரணம்: இரண்டு எட்டு வைத்தால் இடுப்பளவு, மூன்றாவது எட்டில் தரை இருக்காது. ஜூனில்கூட மலைத் தண்ணீர் சில்லென்று தாக்கும். கரை பெரும்பாலும் கூழாங்கல், ரப்பர் செருப்பு எடுத்துப் போங்கள்.

கார் வாடகைக்கு எடுக்கலாமா?

கோமோவுக்கு வேண்டாம். மேற்குக் கரைச் சாலையில் எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும், அது பெரும்பாலும் புதியவர்தான். நிறுத்த இடமும் கிடைக்காது. கார்தா, திராசிமேனோ என்றால் எடுக்கலாம், சர்வதேச ஓட்டுநர் உரிமமும் கையில் வேண்டும். பழைய ஊர்களின் மையத்தில் வெளியார் கார் நுழையக்கூடாத எல்லை உண்டு, கேமரா படம் பிடித்துவிடும், அபராதம் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒன்று: பிராந்திய ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சின்ன இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் டிக்கெட் இருந்தும் அபராதம்.

அப்பா அம்மாவுக்கு முழங்கால் வலி. சமாளிப்பார்களா?

பெல்லாஜியோவும் வரென்னாவும் படிக்கட்டு ஊர்கள், சக்கரப் பெட்டியைக் கல் பாவிய ஏற்றத்தில் இழுப்பதே ஒரு தண்டனை. அவர்களுக்கு ஸ்திரேசா, அல்லது கார்தாவின் தெற்கே பர்தோலினோ, பெஸ்கியேரா பக்கம். சமதளக் கரைப்பாதை, பத்தடிக்கு ஒரு பெஞ்ச்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். ரிசோத்தோ என்ற குழைந்த அரிசிச் சாதத்தில் கறி கண்ணுக்குத் தெரியாது, வெந்தது இறைச்சிச் சாற்றில் இருக்கும். பர்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்த்து உறைய வைப்பது, கண்டிப்பானவர்கள் அதையும் தவிர்க்க வேண்டும். "சென்சா கார்னே, சென்சா பேஷே" என்றால் இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல். மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ மட்டும்தான், பயமின்றிச் சாப்பிடலாம். பொலெந்தா என்பது மக்காச்சோளக் களி, அவ்வளவுதான், ஊறுகாய் கையில் இருந்தால் அமிர்தம். ரிசோத்தோ அரிசி நமக்கு அரைவேக்காடாகத் தோன்றும், திருப்பி அனுப்பாதீர்கள், அவர்கள் பக்குவமே அது.

மதியம் இரண்டரைக்குச் சமையலறை மூடினால் இரவு ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும். பில்லில் "கோபெர்த்தோ" என்று இருப்பது மேசைக் கட்டணம், ஏமாற்று வேலை அல்ல.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு?

கோமோவில் மிஸ்ஸொல்தினி கேளுங்கள். அகோனே என்ற ஏரி மீனை உப்பிட்டு, வெயிலில் கம்பியில் கோத்துக் காயவைத்து, பிரிஞ்சி இலை போன்ற லாரல் இலையோடு தகர டப்பாவில் அடுக்கி அழுத்தி வைக்கிறார்கள். சுட்டு, கொஞ்சம் வினிகர் தெளித்து, வாட்டிய பொலெந்தாவோடு தருவார்கள். நம் கருவாட்டுக்குப் பங்காளி. பக்கத்து மேசை வெள்ளைக்காரர் மூக்கைச் சுளித்தபோது எனக்கு ஊர் ஞாபகமே வந்துவிட்டது. திராசிமேனோவில் தெகமாச்சோ, பல வகை மீனை மண்சட்டியில் மணிக்கணக்காக வேகவைத்த குழம்பு.

விசா?

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவானது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசியாக 15 நாள் முன்பு வரை. கோடைக்குப் போகிறவர்கள் நேரம் கிடைக்கும் முதல் நாளிலேயே போட்டுவிடுங்கள். பெரியவர்களுக்கு 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ, சேவை மையக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு.

என்ன வாங்கி வரலாம்?

கோமோ பட்டு என்று கடைக்குக் கடை தொங்கும். அங்கே இன்று சிறப்பு சாயமும் அச்சும்தான், நூல் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருவது. ஒரு ஸ்கார்ஃப் போதும், காஞ்சிபுரத்தோடு ஒப்பிட ஆரம்பித்தால் வீட்டில் பேச்சு வாங்குவீர்கள். கார்தா ஆலிவ் எண்ணெய் லேசான வாசனை, நன்றாக இருக்கும், பெட்டிக்குள் துணியில் சுற்றி வையுங்கள்.

காப்பிப் பிரியர்களுக்கு மோகா, அடுப்பில் வைத்துக் காப்பி போடும் பாத்திரம். 1933-ல் அல்ஃபோன்சோ பியாலெத்தி அதை உருவாக்கியது ஓர்த்தாவின் வடமுனையில் உள்ள ஒமேஞ்ஞா பக்கத்தில்தான். அதை உலகமெல்லாம் கொண்டுபோன அவர் மகன் ரெனாத்தோ 2016-ல் இறந்தபோது அஸ்தியையே பெரிய மோகா வடிவக் கலசத்தில் வைத்தார்கள். அதில் வருகிற டிகாக்‌ஷன் நம் ஃபில்டரை விடக் கொஞ்சம் கசப்பு கூட, பால் நிறைய ஊற்றினால் சரியாகிவிடும். வாங்குவதற்கு முன் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பா என்று யோசியுங்கள், அலுமினிய மோகா அதில் சூடாகாது.